கோப்பிக் காசும் பங்காளியின் முதலும்

கேள்வி: வணக்கம் ஐயா. என் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். அவர் தவணையில் வாங்கிய ஒரு பழைய லாரி இன்று ஐந்தாகியிருக்கிறது. தம்பியும் நானும் இயக்குநர்களாக இருந்து சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக நடத்துகிறோம். இரண்டு தோட்டங்களிலிருந்தும் சில சிறு தோட்டக்காரர்களிடமிருந்தும் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவதுதான் வேலை. ஓராண்டாக ஆலையில் எடை போடும் இடத்தில் இருக்கும் ஒருவர் நடைக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) 'கோப்பிக் காசு' கேட்கிறார். கொடுத்தால் லாரி சீக்கிரம் உள்ளே போகும். கொடுக்காத அன்று சாயங்காலம்வரை வெயிலில் நிற்கும், தரம் குறைவென்று கழிப்பதும் கூடும். ஓட்டுநர்களிடம் காசைக் கொடுத்தனுப்பி, கணக்கில் 'பல்வகைச் செலவு' என்று எழுதி வருகிறேன். இப்போது சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் இரண்டரை லட்சம் வெள்ளி போட்டுப் பங்குதாரராக வருவதாகச் சொல்கிறார். அது வந்தால் இன்னும் இரண்டு லாரி எடுக்கலாம். மூன்று ஆண்டுக் கணக்கை அனுப்பச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையே ஒரு தோட்டத்தின் உதவி நிர்வாகி, அடுத்த ஆண்டு குலை ஏற்றும் குத்தகைக்குக் 'கொஞ்சம் கவனிக்க வேண்டும்' என்கிறார். எல்லாரும் கொடுக்கிறார்கள். கொடுக்காமல் தொழில் செய்ய முடியுமா? அண்ணனிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா? பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி.
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம் சொல்லுங்கள். அவர் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுவதற்கு முன்பே சொல்லுங்கள். தம்பி சொல்வதுபோல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் 'பிறகு' வரும்போது உறவும் போயிருக்கும், தொழிலும் போயிருக்கும். கணக்காய்வுத் தொழிலில் இருந்துகொண்டு, இந்த வட்டாரத்தில் குடும்பத் தொழில்கள் உடைவதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நட்டத்தால் உடைந்தவற்றைவிட மறைத்த செலவால் உடைந்தவைதான் அதிகம்.

இனி அந்த 20 வெள்ளிக்கு வருவோம். ஐந்து லாரி, நாளுக்கு இரண்டு நடை, மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 260 நடை. மாதம் 5,200 வெள்ளி, ஆண்டுக்கு 62,400 வெள்ளி. நான்கு ஆண்டு இப்படியே போனால், அண்ணன் கொண்டுவரும் இரண்டரை லட்சத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான பணம் எடை போடும் இடத்தில் ஒருவர் பாக்கெட்டுக்குப் போயிருக்கும். ஒரு முதலீட்டாளர் உங்கள் கணக்கில் முதலில் பார்ப்பது இதைத்தான். இத்தனை பெரிய 'பல்வகைச் செலவு' ரசீதே இல்லாமல் நிற்பதை எந்தக் கணக்காய்வாளரும் தாண்டிப் போகமாட்டார்.

அந்தப் பணம் எதை வாங்கித் தருகிறது என்றும் யோசித்துப் பாருங்கள். வரிசைப்படி வந்த லாரியை எடை போடுவது அந்த ஆளின் வேலை. அதற்குச் சம்பளம் வாங்குகிறார். நீங்கள் 20 வெள்ளி கொடுத்து வாங்குவது விரைவை அல்ல, அவர் வேண்டுமென்றே உண்டாக்கிய தாமதத்திலிருந்து ஒரு நாள் விடுதலையை. மறுநாள் அதே தாமதம் திரும்ப விற்பனைக்கு வரும்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. அரசு இயந்திரம் மெதுவாக ஓடும் ஏழை நாடுகளில் கொஞ்சம் லஞ்சம் இருந்தால் வேலை விரைவாக நடக்கும், முதலீடும் பெருகும் என்று 1960களில் அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் போன்ற பெரியவர்களே எழுதினார்கள். நம் ஊர்க் கோப்பிக் கடைகளில் இன்றைக்கும் அந்தப் பேச்சு கேட்கிறது. ஆனால் அதே காலத்தில் இந்தியாவில் தஞ்சைப் பக்கத்துத் தமிழரான கே. சந்தானம் தலைமையில் அமைந்த ஊழல் தடுப்புக் குழு 1964இல் கொடுத்த அறிக்கை வேறு விதமாகச் சொன்னது. விரைவுக்காகக் கொடுக்கும் காசுதான் தாமதத்துக்கே முக்கியக் காரணமாகிவிட்டது என்றது அந்தக் குழு. காசு கிடைக்கும் என்று தெரிந்தவுடன் அலுவலகக் கோப்புகளை நகர்த்தாமல் வைத்திருப்பதே ஒரு வருமானமாகிவிடுகிறது. பிற்பாடு, 1999இல், டேனியல் காஃப்மன், ஷாங்-ஜின் வெய் என்ற பொருளியலாளர்கள் பல நாட்டு நிறுவனங்களின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். அதிகம் லஞ்சம் கொடுக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகள் அதிகாரிகளோடு மல்லுக்கட்டுவதில் செலவிடும் நேரம் குறையவில்லை, கூடியிருந்தது. கொடுக்கக்கூடியவர் என்று பெயர் வாங்கிவிட்டால் கேட்பவர்கள் பெருகுவார்கள். உங்கள் விஷயத்தையே பாருங்கள். ஆலையில் ஒருவர் கேட்டார், கொடுத்தீர்கள். இப்போது தோட்டத்திலிருந்து இன்னொருவர் கேட்கிறார். இரண்டும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

லாரித் தொழிலிலேயே ஒரு நல்ல சான்று உண்டு, அதுவும் நமக்கு எதிர்க்கரையில். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் ஆச்சே மாநிலத்தில், பெஞ்சமின் ஓல்கன், பேட்ரிக் பேரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2005, 2006ஆம் ஆண்டுகளில் லாரிகளில் ஆட்களை உதவியாளர்போல ஏற்றி அனுப்பினார்கள். 300க்கும் மேற்பட்ட பயணங்கள். வழிநெடுகச் சோதனைச் சாவடியிலும் எடை நிலையத்திலும் கொடுத்த காசை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். 6,000க்கும் மேற்பட்ட முறை காசு கைமாறியிருந்தது. ஒரு பயணத்தின் செலவில் சுமார் 13 விழுக்காடு இந்தக் காசுக்கே போனது. ஓட்டுநரின் சம்பளம்கூட அவ்வளவு இல்லை. இன்னொன்றும் கண்டார்கள். ஆச்சே போராளிகளோடு இந்தோனேசிய அரசு செய்த சமாதான உடன்பாட்டுக்குப் பிறகு படையினர் திரும்பப் போனதால் சாவடிகள் குறைந்தன. மீதமிருந்த சாவடிகள் கேட்கும் தொகையைக் கூட்டிக்கொண்டன. உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். இன்று 20 என்பது, இன்னும் இரண்டு லாரி ஓடுவதைப் பார்த்தால் 20ஆக நிற்காது.

முதலீட்டுக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் அடிமடியில் இருப்பது அதுதான். உகாண்டாவில் நிறுவனங்களை ஆராய்ந்தவர்கள், விற்பனையில் லஞ்சத்தின் பங்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால் நிறுவனத்தின் வளர்ச்சி சுமார் மூன்று புள்ளி குறைவதைக் கண்டார்கள். அதே அளவு வரி கூடினால் ஏற்படும் பாதிப்பைப்போல் இது மூன்று மடங்கு. வரி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், ரசீது கிடைக்கும், கணக்கில் காட்டலாம், ஒரு தடவை கட்டினால் முடிந்தது. லஞ்சத்துக்கு இதில் எதுவும் கிடையாது. வெய் இன்னொரு கணக்கும் போட்டார். ஒரு நாட்டின் ஊழல் சிங்கப்பூர் அளவிலிருந்து மெக்சிகோ அளவுக்கு ஏறினால், வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அது வரியை 20 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் உயர்த்தியதற்குச் சமம். வளரும் நாடுகளுக்கு மூலதனம் ஏன் வந்து சேர்வதில்லை என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நம் நாட்டில் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் விவகாரம் எல்லாருக்கும் தெரியும். 450 கோடி அமெரிக்க டாலர் திருடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கணக்கிட்டது. அந்த நிறுவனத்துக்குக் கடன்பத்திரம் மூலம் பணம் திரட்டிக் கொடுத்த அமெரிக்க வங்கி கோல்ட்மேன் சாக்ஸ் 2020இல் 290 கோடி டாலருக்கும் மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு போடும் ஊழல் பட்டியலில் (புள்ளி கூடினால் ஊழல் குறைவு) மலேசியா 2019இல் 100க்கு 53 புள்ளி வாங்கியது, 2022இல் 47க்கு இறங்கியது, 2024இல் 50. இந்த எண்களை வெளிநாட்டு நிதியாளர்கள் மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் அண்ணன் இருக்கும் சிங்கப்பூர் அதே 2024 பட்டியலில் 84. அங்கே வேலை பார்ப்பவருக்கு 'எல்லாரும் கொடுக்கிறார்கள்' என்ற சமாதானம் காதில் ஏறாது.

நம்பிக்கை இருந்தால் இல்லாதவர்களிடமிருந்தும் முதல் திரளும் என்பதற்கு இந்த ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காகப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கச் சொன்னார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அன்றாடக் கூலி வாங்கிய பால்மர (ரப்பர்) தொழிலாளர்கள் பணம் போட்டார்கள். அவர்களுக்குக் கணக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கணக்கு நேராக இருக்கும் என்று நம்பினார்கள். எண்பதுகளில் மலேசிய இந்தியர்களின் முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தபோது அதே மாதிரி பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல் திரண்டது. அது எதிர்பார்த்தபடி வளரவில்லை. காரணங்களைப் பற்றிய சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஆனால் இன்றைக்கும் நம்மவர்களிடம் 'பங்கு போடுங்கள்' என்றால் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். ஒரு தலைமுறை நம்பிக்கை கெட்டால் அடுத்த தலைமுறைக்கு வங்கிக் கடனை விட்டால் வேறு கதி இல்லை. உங்களை நம்பி ஒரு சொந்தக்காரர் இரண்டரை லட்சம் கொண்டுவருகிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆலையும் தோட்டமும் தனியார்தானே, அரசு ஊழியருக்குக் கொடுத்தால்தானே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2009ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் தனியார் நிறுவன ஊழியருக்குக் கொடுப்பதையும் குற்றமாகத்தான் பார்க்கிறது. வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் 20 ஆண்டுவரை சிறை, கொடுத்த தொகையைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அந்த அபராதம். காசை நேரில் நீட்டுவது உங்கள் ஓட்டுநர்கள் என்பதால் அவர்களும் மாட்டுவார்கள்.

அப்புறம் அதே சட்டத்தின் 17ஏ பிரிவு. 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்தோடு தொடர்புள்ள யாராவது நிறுவனத்தின் ஆதாயத்துக்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி. தொகையைப்போல் பத்து மடங்கு அல்லது பத்து லட்சம் வெள்ளி, எது அதிகமோ அதுதான் குறைந்தபட்ச அபராதம். உங்கள் ஓராண்டுக் கோப்பிக் காசைப் பத்தால் பெருக்கினால் ஆறே கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பத்து லட்சம்தான் பொருந்தும். இயக்குநர்களும் அதே குற்றத்தைச் செய்தவர்களாகவே கருதப்படுவார்கள், தங்களுக்குச் சம்மதம் இல்லை, உரிய கவனம் எடுத்தோம் என்று அவர்கள் நிரூபித்தால் ஒழிய. நாளைக்கு உங்கள் அண்ணன் இயக்குநரானால் அவரும் அந்த வரிசையில்தான். இன்னொன்று: அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவராக இருந்தால், அந்த நாட்டின் ஊழல் தடுப்புச் சட்டம் வெளிநாட்டில் அவர் செய்வதற்கும் பொருந்தும். ஒன்றும் தெரியாமல் பணம் போட்ட மனிதனை இரண்டு நாட்டுச் சட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமா, சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு உங்களை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வராது. கேட்பவர் ஆலையில் உட்கார்ந்திருக்கிறார், வெயிலில் நிற்பது உங்கள் லாரி. அதனால் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

காசு கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். நிறுத்தும் நாள் முதல் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். லாரி எந்தத் தோட்டத்தில் எத்தனை மணிக்கு ஏற்றியது, ஆலை வாசலுக்கு எத்தனை மணிக்கு வந்தது, முன்னால் எத்தனை லாரி நின்றன, எடை மேடையில் எத்தனை மணிக்கு ஏறியது, எடைச் சீட்டு எண், எத்தனை குலையைக் காயென்று கழித்தார்கள், பின்னால் வந்து முன்னால் போன லாரி இருந்தால் அது வந்த நேரம். எடைச் சீட்டில் நேரம் அச்சாகியிருக்கும், அதன் நகலை நோட்டோடு சேர்த்துவையுங்கள். இரண்டு மூன்று வாரம் இதைச் செய்தால் போதும். பழம் கொட்டும் மாதங்களில் எல்லா ஆலையிலும் வரிசை நீளும், அதை லஞ்சத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உண்மையான நெரிசல் எது, வேண்டுமென்று நிறுத்தியது எது என்பதை அந்த நோட்டு பிரித்துக் காட்டும். 'என்னை நிற்கவைக்கிறார்கள்' என்பது புகார். 'காலை 10.20க்கு வந்த என் லாரி மாலை 4.45க்கு எடை ஏறியது, 1.30க்கு வந்த லாரி 2 மணிக்கே ஏறியது' என்பது ஆதாரம்.

அதை எடுத்துக்கொண்டு ஆலை நிர்வாகிக்கும் அந்த நிறுவனத்தின் தலைமையகத்துக்கும் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். ஆலை முதலாளி உங்களுக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடப் பார்ப்பது ஏன் என்று உங்களுக்கே தெரியும். நேரம் போகப்போக அடிபட்ட பழத்தில் எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். கச்சாச் செம்பனை எண்ணெயில் அந்த அமிலத்துக்கு ஒப்பந்தங்களில் சொல்லப்படும் உச்ச அளவு 5 விழுக்காடு. உங்கள் லாரியை வெயிலில் நிறுத்தும் ஆள் தன் முதலாளியின் எண்ணெயைத்தான் கெடுக்கிறார். காசு கொடுக்கிற லாரியில் காய்க்குலை இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டால், எண்ணெய் பிழிவு விழுக்காடும் அடிபடும். இந்த இரண்டு நட்டத்தையும் கடிதத்தில் எழுதுங்கள். நியாயத்துக்கு அசையாத நிர்வாகியும் இதற்கு அசைவார். எம்எஸ்பிஓ எனப்படும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம், அதைப் பெற்ற ஆலைகளுக்குப் புகார் கேட்கும் முறை ஒன்று இருந்தாக வேண்டும். கடிதத்தில் அந்தச் சான்றிதழையும் குறிப்பிடுங்கள்.

முடிந்தால் தனியாக எழுதாதீர்கள். அதே வரிசையில் நிற்கும் மற்ற லாரிக்காரர்களும் இதே காசைக் கொடுத்துக்கொண்டு, இதே மாதிரி ராத்திரி கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நான்கைந்து பேர் கையெழுத்திட்ட கடிதத்துக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. ஒருவருடைய லாரியை வெயிலில் காயவைக்கலாம், எல்லாருடைய லாரியையும் காயவைத்தால் ஆலையே நின்றுவிடும்.

எஸ்பிஆர்எம் எனப்படும் ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் புகார் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. லஞ்சம் கேட்கப்பட்டவர் கூடிய விரைவில் ஆணையத்திடமோ காவல்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்று 25ஆவது பிரிவு சொல்கிறது. தக்க காரணமின்றித் தெரிவிக்காவிட்டால் 10,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். இலவச எண் 1-800-88-6000. ஆனால் நீங்கள் ஓராண்டாகக் கொடுத்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே போவதற்கு முன் ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். நான் கணக்காய்வாளன், வழக்கறிஞன் அல்லன். தகவல் தருவோரைப் பாதுகாக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் குற்றத்தில் தாமும் பங்கெடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில் சிக்கல் வரலாம். அந்தப் பாதுகாப்பு அமலாக்க அமைப்பிடம் சொல்வதற்குத்தான். கோபத்தில் முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அந்த ஆளின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். வழக்கறிஞருக்கு ஆகும் செலவு, நீங்கள் ஒரு மாதம் கொடுக்கும் கோப்பிக் காசைத் தாண்டினாலும் பரவாயில்லை.

தோட்டத்து உதவி நிர்வாகிக்கு இன்னும் ஒரு காசும் போகவில்லை என்று நினைக்கிறேன். போகக் கூடாது. அவர் வாய்மொழியாகக் கேட்டதற்கு நீங்கள் எழுத்தில் பதில் கொடுங்கள். டன்னுக்கு இவ்வளவு கூலி, லாரிகளின் எண்ணிக்கை, சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் உள்ளன, இதைத் தவிர எங்கள் நிறுவனம் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்று நாலு வரி போதும். நகலைத் தோட்ட நிர்வாகிக்கும் அனுப்புங்கள். கோபமோ குற்றச்சாட்டோ வேண்டாம். தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு கொடுப்பது நம் பழக்கம், அதை அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் கொடுக்கலாம். உறைக்குள் வைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தால் அது முறுக்கு அல்ல. குத்தகை போய்விடுமோ என்று பயப்படுவீர்கள். போகலாம், அதை மறைக்கமாட்டேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய குத்தகை, அந்த மனிதர் வேறு தோட்டத்துக்கு மாறும் நாளோடு முடிந்துவிடும்.

இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும், எனக்கு மனம் வலிக்கிற இடம் இதுதான். கூலி கூடவில்லை, லஞ்சம் மட்டும் கூடுகிறது என்றால், அந்த இடைவெளியை எங்காவது ஈடுகட்டத்தான் வேண்டும். வழுக்கை டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார்கள், அளவுக்கு மேல் ஏற்றுவார்கள், ஓட்டுநருக்குச் சேமநிதியும் சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டாமல் விடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உங்களோடு போட்டி போடுகிறவர் அப்படிச் செய்து கூலியைக் குறைத்துக் கேட்கும்போது, நேர்மையாக லாரி பராமரிப்பவர் தோற்றுப்போகிறார். நன்றாக ஓட்டுபவர் பிழைப்பதற்குப் பதில் நன்றாகக் கொடுப்பவர் பிழைக்கும் தொழிலாக அது மாறுகிறது. பெரிய நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசகரும் தலைமையகத்தில் பேச ஆளும் இருக்கிறார்கள். வாசலில் மாட்டிக்கொள்வது ஐந்து லாரிக்காரர்கள்தான்.

சரி, கணக்குப் புத்தகம். பழைய பக்கங்களைத் திருத்தாதீர்கள், கிழிக்காதீர்கள், பின்தேதியிட்டு ரசீது தயாரிக்காதீர்கள். லாரி பழுதுபார்ப்பு என்று பெயர் மாற்றி எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள், அது இன்னொரு குற்றம். லஞ்சத்தை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. இதுவரை கழித்திருந்தால் வரி முகவரோடு உட்கார்ந்து, வருமான வரி வாரியத்துக்கு நீங்களாகவே தெரிவித்துத் திருத்திக்கொள்ளுங்கள். அவர்கள் கண்டுபிடித்து வருவதைவிட நாமாகப் போனால் அபராதம் குறையும். ஆனால் அந்தக் கடிதத்தில் எதை, எப்படிச் சொல்வது என்பதை வழக்கறிஞரைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். இனிமேல் 'பல்வகைச் செலவு' என்ற தலைப்பில் மாதம் 200 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது, அதற்கும் சீட்டு வேண்டும் என்று இயக்குநர் கூட்டத்தில் தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். 17ஏ பிரிவில் நிறுவனம் தப்பிக்க ஒரே வழி, லஞ்சத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்திருந்தோம் என்று காட்டுவது. ஐந்து லாரி நிறுவனத்துக்கு அது பெரிய தடித்த புத்தகமாக இருக்கத் தேவையில்லை. ஓட்டுநர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கம், அவர்கள் கையெழுத்து, ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து பேசியதற்கான குறிப்பு, கேட்டால் யாரிடம் சொல்வது என்று ஒரு பெயர். ஆனால் எழுதியபடி நடந்தும் காட்ட வேண்டும்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கறிஞரைப் பார்த்த மறுவாரமே நேரில் பேசுங்கள். என்ன கேட்டார்கள், எவ்வளவு போயிற்று, எந்தத் தேதியில் நிறுத்தினோம், ஆலைக்கு என்ன எழுதினோம், இனி எப்படி நடக்கும் என்ற ஐந்தையும் சொல்லுங்கள். அவர் பின்வாங்கலாம். பின்வாங்கினால் அவரைக் குறை சொல்லாதீர்கள், ஐந்து லாரியோடு இன்னும் ஓராண்டு ஓட்டுங்கள். கோப்பிக் காசு மிச்சமானாலே ஒரு புது லாரிக்கு முன்பணம் சேரும். ஆனால் என் அனுபவத்தில், குறையைத் தானாகச் சொன்னவரிடம் பணம் கொடுக்கத் தயங்கியவர்களைவிட, மறைத்தவரிடம் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டவர்களே அதிகம். அவர் சம்மதித்தால், அந்த இரண்டரை லட்சத்தை நேராக லாரி விற்பவருக்கே செலுத்தும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மாதக் கணக்கு அவர் பார்வைக்குப் போகட்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். காசை நிறுத்திய முதல் சில வாரம் லாரிகள் நிற்கும். உங்கள் ஓட்டுநர்களுக்கு நடைக்கணக்கில் கூலி என்றால், நிற்கும் நேரத்துக்கு அவர்கள் வயிற்றில் அடி விழும். காத்திருக்கும் மணிக்கு இவ்வளவு என்று ஒரு படி கொடுங்கள். கொடுக்காவிட்டால் தங்கள் சொந்தக் காசை எடுத்து நீட்டிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியவே வராது. இப்போது போகும் 5,200 வெள்ளியில் பாதி இருந்தால் போதும், இதைத் தாங்கிவிடலாம். ஆலைக்கு எழுதும் கடிதத்தையும் ஓட்டுநர்களுக்கான அந்த ஒரு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம்.